ரிமாண்டுக்கு முன்னே வக்கீல்

2020 ஜூன் 19, வெள்ளிக்கிழமை. அன்று டெல்லியில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் பற்றி ஒரு தீர்ப்புச் சொன்னது. வழக்கு மதுரை மாவட்டம் சமயநல்லூர் காவல் நிலையத்தைச் சேர்ந்தது. ஊரடங்கைக் காரணம் காட்டிக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும் கெடுவை போலீஸ் நீட்டிக்கொள்ள முடியாது, கெடு தாண்டினால் கைதிக்கு ஜாமீன் கிடைத்தாக வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

அதே நாள் மாலை, தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிச் செல்போன் கடை திறந்திருந்தது என்ற பேச்சில் ஜெயராஜ் என்ற வியாபாரியைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அப்பாவைத் தேடிப் போன மகன் பென்னிக்ஸும் திரும்பவில்லை. மறுநாள் ரிமாண்ட், அதாவது காவலில் வைக்க நடுவரின் உத்தரவு. அங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோவில்பட்டி கிளைச் சிறையில் இருவரும் அடைக்கப்பட்டார்கள். 22-ஆம் தேதி இரவு மகன் இறந்தார், 23-ஆம் தேதி காலை தகப்பனார்.

டெல்லியில் அன்று எழுதப்பட்ட உரிமை சாத்தான்குளம் ஸ்டேஷனுக்குள் நுழையவே இல்லை. சட்டம் தானாக எந்தக் காவல் நிலையத்துக்கும் நடந்து போவதில்லை. யாராவது ஒருவர் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். கைதான நிமிடத்திலிருந்து ரிமாண்ட் வரைக்குமான 24 மணி நேரத்தைப் பற்றியே இந்த அத்தியாயம் அதிகம் பேசுவதற்குக் காரணம் அதுதான். ஜாமீன் மனுவை நாளைக்கும் போடலாம், அடுத்த வாரமும் போடலாம். ரிமாண்ட் ஒரே ஒரு முறைதான் முதல் முறையாக நடக்கும்.

பிடித்தது யார்?

"அண்ணாச்சி, பையனைக் கூட்டிட்டுப் போயிட்டாவ" என்று தூத்துக்குடியின் திரேஸ்புரத்திலிருந்தோ இனிகோ நகரிலிருந்தோ ஒரு போன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிர்முனையில் இருப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "என்ன செய்தான்?" அல்ல. "யார் கூட்டிட்டுப் போனாவ?" என்பதுதான். உள்நாட்டு ஊர்களில் இதற்கு ஒரே பதில்தான் இருக்கும். இந்தக் கடற்கரையில் அப்படியில்லை. உள்ளூர் காவல் நிலையம், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் மரைன் போலீஸ், கியூ பிரிவு, மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் வனத்துறை, சுங்கத்துறை, துறைமுகத்தில் கண்டெய்னர்களைக் கிளறும் வருவாய்ப் புலனாய்வுப் பிரிவு என்று ஆறு வாசல் இருக்கிறது. குடும்பம் தென்பாகம் ஸ்டேஷன் வாசலில் ராத்திரி முழுக்க நிற்கும், பையன் வனச்சரக அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பான்.

தெரியவில்லை என்றால் ஒரு வழி உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பி.என்.எஸ்.எஸ். எனப்படும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகிய விவரங்களை வைத்திருக்கவென்றே ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஒரு அதிகாரி இருக்க வேண்டும் என்கிறது அதன் 37-ஆம் பிரிவு. "37-ன்படி விவரம் சொல்லுங்க" என்று ஒரு வக்கீல் கேட்டால் வருகிற பதிலுக்கும், அம்மா அழுதுகொண்டே கேட்டால் வருகிற பதிலுக்கும் வித்தியாசம் இருக்கிறது. இருக்கக் கூடாது. ஆனால் இருக்கிறது.

அப்படியும் பதில் இல்லையென்றால், கூட்டிப்போன நேரம், இடம், வண்டி எண், வந்தவர்கள் சீருடையில் இருந்தார்களா என்பதை எழுதி, எஸ்.பி.க்கும் ஆட்சியருக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் உடனே மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். முந்தைய தலைமுறை வக்கீல்கள் இதற்குத் தந்தி அடித்தார்கள். எத்தனை மணிக்கு அடித்தது என்ற முத்திரைக்காகத்தான் தந்தி. மின்னஞ்சலிலும் அந்த நேரம் பதிவாகிவிடும். மறுநாள் மாலை கைதுசெய்ததாகக் காகிதத்தில் எழுதினால், முந்தைய இரவே அனுப்பிய மின்னஞ்சல் நீதிமன்றத்தில் பேசும்.

2018 மே 22-ஆம் தேதி ஸ்டெர்லைட் எதிர்ப்புப் பேரணியில் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு, வீடு திரும்பாத பிள்ளைகளைத் தேடி ஊரே அலைந்தது. தூத்துக்குடி வக்கீல்கள் நீதிமன்றத்தில் முறையிட்டார்கள். நீதித்துறை நடுவர் ஒருவர் நேரில் போய்ப் பார்த்தபோது, வல்லநாட்டில் போலீஸார் துப்பாக்கி சுடப் பயிற்சி எடுக்கும் தளத்தில் ஏராளமானவர்கள் அடைத்து வைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. எந்த ஸ்டேஷன் பதிவேட்டில் தேடியிருந்தாலும் கிடைத்திருக்க மாட்டார்கள். கேட்ட இடம் நீதிமன்றமாக இருந்ததால் கிடைத்தார்கள்.

கைதே தேவைதானா?

ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் போலீஸ் எடுத்த எடுப்பில் கைதுசெய்யக் கூடாது, கைது ஏன் தேவை என்பதை எழுதிக் காட்ட வேண்டும் என்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. முதலில் நேரில் ஆஜராகும்படி அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பி.என்.எஸ்.எஸ். 35(3)-ல் வருவது இந்த அறிவிப்புதான். மூன்றாண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில், 60 வயதைத் தாண்டியவரையோ உடல் நலிந்தவரையோ பிடிக்க டி.எஸ்.பி.யின் முன்அனுமதி வேண்டும். பெண்களை, விதிவிலக்கான சூழல் தவிர, சூரியன் மறைந்த பின் விடியும் முன் கைதுசெய்யக் கூடாது. அந்த விதிவிலக்குக்கும் பெண் அதிகாரியும் நடுவரின் முன்அனுமதியும் வேண்டும்.

அறிவிப்பு வந்தால் ஓடி ஒளிவதுதான் பலருக்கு முதலில் தோன்றுவது. கைதைத் தேடிக் கொண்டுவரும் வழியும் அதுதான். வக்கீலோடு போய், வந்ததற்கு அத்தாட்சி வாங்கிக்கொண்டு திரும்புவது நல்லது.

கைது நடந்தே விட்டது என்றால், 1996-ல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளில் முக்கியமானவை இன்று சட்டமாகவே இருக்கின்றன. கைதுக் குறிப்பாணையில் நேரமும் தேதியும் இருக்க வேண்டும், குடும்பத்தாரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உறவினருக்குச் சொல்ல வேண்டும். மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். விசாரணையின்போது விரும்பிய வக்கீலைச் சந்திக்கலாம். முழு நேரமும் கூடவே உட்கார்ந்திருக்க முடியாது. கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுத்தாக வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லாக் குற்றங்களுக்கும் பொருந்தும்படி சொல்லிவிட்டது. தமிழில் எழுதாத காகிதத்தில் கையெழுத்துக் கேட்டால், அது என்ன என்று கேட்க இப்போது தைரியமாக வாய் திறக்கலாம்.

வக்கீலை எங்கே தேடுவது?

கூகுளில் அல்ல. வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சில் விதி. இணையத்தில் வாடிக்கையாளர் பிடிக்கும் வக்கீல்கள் மீதும் அவர்களைப் பட்டியல் போடும் தளங்கள் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. போனில் முதலில் வந்து நிற்கும் பெயருக்கும் திறமைக்கும் தொடர்பில்லை. ஸ்டேஷன் வாசலிலேயே "நம்ம வக்கீல் ஒருத்தர் இருக்காரு" என்று சொல்லிக்கொண்டு வருபவரிடமும் எச்சரிக்கை வேண்டும். அந்த "நம்ம" யாருடைய "நம்ம" என்று தெரியாது.

நீதிமன்ற வளாகத்துக்குப் போவதுதான் நேர்வழி. தூத்துக்குடி, திருச்செந்தூர், ஸ்ரீவைகுண்டம், சாத்தான்குளம், கோவில்பட்டி, விளாத்திகுளம், ஒட்டப்பிடாரம் எல்லாவற்றிலும் நடுவர் நீதிமன்றம் உண்டு, அதை ஒட்டி வக்கீல்கள் சங்கமும் உண்டு. எந்த ஸ்டேஷன் வழக்கு எந்த நீதிமன்றத்துக்குப் போகும் என்பது வக்கீல் குமாஸ்தாக்களுக்கு மனப்பாடம். சிவில் வழக்கில் சிங்கமாக இருக்கும் பெரிய வக்கீலைவிட, அந்த நடுவர் முன்பு தினமும் நிற்கும் சின்ன வக்கீல் ரிமாண்டு அன்றைக்கு உபயோகம். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வாதாடும் பெயர் பெற்றவரை அடுத்த வாரம் தேடிக்கொள்ளலாம்.

கேட்க வேண்டியவை நாலைந்துதான். பார் கவுன்சில் பதிவு எண் என்ன? இந்த நீதிமன்றத்தில் கடைசியாக எப்போது ஜாமீன் எடுத்தீர்கள்? இன்று ரிமாண்டுக்கு நீங்களே வருவீர்களா, ஜூனியர் வருவாரா? கட்டணத்தில் எதெல்லாம் அடக்கம்? கடைசிக் கேள்வியில்தான் பிற்பாடு சண்டை வரும். ரிமாண்டில் ஆஜராவது, ஜாமீன் மனு, ஜாமீன்தாரர்களை நிறுத்துவது, வழக்கை நடத்துவது எல்லாம் தனித்தனி வேலை. "மொத்தமா பாத்துக்கலாம்" என்ற பேச்சில் இது கரைந்துவிடக் கூடாது. ஜாமீன் கிடைத்தால் இவ்வளவு, கிடைக்காவிட்டால் இவ்வளவு என்று முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவது பார் கவுன்சில் விதிப்படியே கூடாது. "ஜட்ஜ் நமக்கு வேண்டியவர்" என்று சொல்கிறவரிடம் வக்காலத்தில் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடலாம்.

காசு இல்லையென்றால் 15100. தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் கட்டணமில்லா எண் இது. காவலில் இருப்பவர், பெண், குழந்தை, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். "இலவச வக்கீல்னா சும்மா வந்து நிப்பாரு" என்ற பேச்சு முழுப் பொய்யில்லை. ஆனால் கைதானவர்களுக்காக வாதாடுவதையே முழுநேர வேலையாகச் செய்யும் வக்கீல்களை அமர்த்தும் திட்டம் 2022 முதல் வந்த பிறகு, அந்தப் பேச்சுக்கும் வயதாகிவிட்டது.

இந்த மண்ணில் ஸ்டேஷனுக்குப் பிடிக்காத வக்கீலுக்குப் பழைய முன்னோடி ஒருவர் இருக்கிறார். ஒட்டப்பிடாரத்தில் ஏழைகளுக்காகக் கிரிமினல் வழக்கு நடத்திப் போலீஸின் பகையைச் சம்பாதித்த பிறகுதான் வ.உ.சி. தூத்துக்குடிக்கே வந்தார். 1908 மார்ச் 12-ல் அவர் கைதானபோது, ஜாமீனில் எடுக்க நண்பர்கள் முயன்றார்கள். தன்னோடு கைதான சுப்பிரமணிய சிவாவை உள்ளே விட்டுவிட்டுத் தான் மட்டும் வர மாட்டேன் என்று மறுத்தார். தண்டனையோடு வக்கீல் சன்னதும் போயிற்று. பல வருஷம் கழித்து அதைத் திரும்பக் கிடைக்கச் செய்த நீதிபதி வாலஸின் நினைவாக மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார்.

நடுவர் முன்னால்

பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் கைதானவரை நடுவர் முன் நிறுத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமையோ ராத்திரியோ ஆனால் நடுவரின் வீட்டில் நடக்கும். வக்கீல் வேலை சூடுபிடிக்கும் இடம் இதுதான். காயம் இருந்தால் அங்கேயே சொல்லிப் பதியவைக்க வேண்டும். சாத்தான்குளம் வழக்கில், இருவரையும் அருகில் பார்க்காமலே ரிமாண்ட் உத்தரவு போடப்பட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. பக்கத்தில் நின்று "ஐயா, இவரோட வேட்டியைப் பாருங்க" என்று சொல்ல ஒரு குரல் இருந்திருந்தால் என்று நினைக்காதவர் அந்த ஊரில் இல்லை. பிறகு மதுரைக் கிளை தானாக வழக்கை எடுத்தது, அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சொன்னது. சி.பி.ஐ. ஒன்பது போலீஸார் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. எல்லாம் ரிமாண்டுக்குப் பின்னால் நடந்தவை.

ரிமாண்ட் என்பது ரப்பர் ஸ்டாம்ப் இல்லை. கைதுக்குக் காரணம் போதாது என்றால் நடுவர் ரிமாண்டை மறுத்து அனுப்பலாம். அதைக் கேட்க ஆள் வேண்டும்.

ஜாமீனின் படிகள்

ஜாமீனில் விடத்தக்க குற்றம் என்றால் ஜாமீன் உரிமை, ஸ்டேஷனிலேயே கிடைக்கும். விடத்தகாத குற்றம் என்ற சொல்தான் ஊரைக் குழப்புகிறது. ஜாமீனே கிடையாது என்று அதற்கு அர்த்தமில்லை. கேட்டுத்தான் வாங்க வேண்டும், கொடுப்பது நீதிமன்றத்தின் கையில், அவ்வளவுதான். முதலில் நடுவர், பிறகு மாவட்ட அமர்வு நீதிமன்றம், அதன்பின் மதுரைக் கிளை. பெண், குழந்தை, நோயாளி என்றால் கடுமையான குற்றத்திலும் நடுவர் இரக்கம் காட்டலாம். கைதாகும் முன்பே பயம் இருந்தால் அமர்வு நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ முன்ஜாமீன். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கில் முன்ஜாமீனுக்குச் சட்டத்திலேயே தடை. ஜாமீனுக்கும் பாதிக்கப்பட்டவர் தரப்பைக் கேட்டாக வேண்டும்.

நாள்கணக்கு ஒன்றை வீட்டு நாள்காட்டியில் குறித்து வைப்பது நல்லது. ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்து எண்ண வேண்டும். 60 நாளுக்குள், மரண தண்டனை, ஆயுள், பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றமானால் 90 நாளுக்குள், குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். ஆனால் கேட்க வேண்டும். கேட்பதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போச்சு. 61-ஆம் நாள் காலை மனு தயாராக இருக்கும் வக்கீல்தான் வக்கீல்.

இந்தக் கரைக்கே உரிய சில முடிச்சுகள் உண்டு. கடல் அட்டையும் கடல் குதிரையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. புலிக்கும் அவற்றுக்கும் சட்டத்தில் ஒரே தகுதி. குறைந்தது மூன்றாண்டு, அதிகம் ஏழாண்டு. முத்துக்குளிப்பு நின்றுபோன கடலில் முக்குளித்துப் பிழைக்கிற ஆளுக்கு இது புரிவதற்குள் வனச்சரகர் வந்துவிடுகிறார். அந்தச் சட்டத்தின் 51-ஏ பிரிவைக் காட்டி ஜாமீனே இல்லை என்று மிரட்டுவார்கள். அந்தக் கடும் நிபந்தனை ஏற்கெனவே அதே சட்டத்தில் தண்டனை பெற்றவருக்கு எழுதப்பட்டது, முதல் முறை மாட்டியவருக்கு அல்ல. போதைப்பொருளில் எடைதான் விதி. கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. 90 நாள் கணக்கு 180 ஆகிவிடும், நிரபராதி என்று நம்பக் காரணம் காட்டினால்தான் ஜாமீன்.

குண்டாஸ் எனப்படும் குண்டர் தடுப்புச் சட்டம் வேறு ஜாதி. 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டப்படி, எஸ்.பி. பரிந்துரைக்க ஆட்சியர் போடும் தடுப்புக்காவல் உத்தரவுக்கு ஜாமீன் என்ற மருந்து வேலை செய்யாது. அதிகபட்சம் 12 மாதம். அரசுக்கு முறையீடு, அறிவுரைக் கழகம், மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு ஆகியவைதான் வழி. இவர் ஜாமீனில் வெளியே வந்துவிடக்கூடும் என்பதுதான் பெரும்பாலும் உத்தரவில் எழுதும் காரணம். ஜாமீன் மனுவே போடாதவர் வந்துவிடுவார் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டு, 2011-ல் ரேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு உத்தரவு ஒன்றை ரத்துசெய்தது. ஆகவே சில வழக்குகளில் ஜாமீன் மனுவை எப்போது போடுவது என்பதே தந்திரம். அவசரப்படும் குடும்பத்தைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லும் வக்கீல் சோம்பேறியாக இருக்க வேண்டியதில்லை.

எல்லை தாண்டிப் பிடிபட்டவர்களுக்கு இதெல்லாம் செல்லாது. 2024 ஆகஸ்டில் தருவைகுளம் மீனவர்கள் 22 பேர் இலங்கையில் பிடிபட்டு புத்தளம் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே வக்கீல் சட்டத்தரணி, நடுவர் நீதவான், ரிமாண்ட் விளக்கமறியல். தமிழ்தான், ஆனால் சட்டம் வேறு. குடும்பம் மீன்வளத்துறை உதவி இயக்குநரிடமும் ஆட்சியரிடமும் எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கே சட்ட உதவி இந்தியத் தூதரகத்தின் வழியாகத்தான் நகரும்.

ஜாமீன்தாரரும் பத்தரை மணியும்

உத்தரவு வந்துவிட்டது என்ற போனைக் கேட்டதும் வீட்டில் சமையல் ஆரம்பித்துவிடும். ஆள் வர இன்னும் இரண்டு மூன்று நாள் ஆகலாம். இரண்டு ஜாமீன்தாரர், ஒருவர் ரத்த உறவு என்று உத்தரவு இருக்கும். ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது அல்லது வண்டியின் ஆர்.சி. புத்தகம், சில சமயம் கிராம நிர்வாக அலுவலர் சான்று என்று கேட்பார்கள். மனு போட்ட அன்றே இவற்றைத் திரட்டத் தொடங்கிவிட்டால் பேரூரணி மாவட்டச் சிறைக் கதவு சீக்கிரம் திறக்கும். கூலிக்கு ஜாமீன் நிற்கும் ஆட்கள் வேண்டாம். பொய்ச் சான்று பிடிபட்டால் புது வழக்கு.

ஜாமீன்தாரர் கிடைக்காத ஏழைக்கு 1978-ஆம் ஆண்டின் மோதிராம் வழக்கு துணை நிற்கும். ஒரு கொத்தனாருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டார்கள். ஜாமீன் நிற்க வந்த சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளினார்கள். நீதிபதி கிருஷ்ணய்யர் அது இரண்டும் தவறு என்றார். உத்தரவு வந்து ஏழு நாளாகியும் ஆள் வெளியே வரவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிபந்தனையைக் குறைக்கக் கேட்டு மனு போடலாம்.

பிறகு கையெழுத்து. "தினமும் காலை 10.30 மணிக்கு காவல் நிலையத்தில்" என்று எழுதுவது இங்கே வழக்கம். வக்கீல் அதைப் படித்ததும் ஆளின் தொழிலைக் கேட்க வேண்டும். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்து விசைப்படகு விடிகாலை 5 மணிக்குப் போய் இரவு 9 மணிக்குத் திரும்பும். தருவைகுளத்துப் படகு கடலில் பல நாள் தங்கும். பத்தரை மணிக் கையெழுத்து படகில் போகிறவருக்கு வேலை இழப்பு. கையெழுத்துத் தவறினால் ஜாமீன் ரத்து. கையெழுத்துப் போட்டதற்கு ஸ்டேஷனில் சான்று வாங்கி, சில வாரம் ஒழுங்காகப் போட்டபின், வாரம் ஒரு நாள் என்றோ மாலை நேரம் என்றோ மாற்றக் கேட்டு நிபந்தனைத் தளர்வு மனு போடலாம். தொழில் அட்டையையும் படகு உரிமையாளரின் கடிதத்தையும் சேர்த்து வைத்தால் எடுபடும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கைதானவருக்குப் பத்தரை மணி உறுத்தாது. ஜூன் 14 நள்ளிரவு தடை முடியும் என்பதை நினைத்து, மே மாதமே வக்கீலிடம் அந்த மனுவைப் பேசி வைக்க வேண்டும்.